நகையும் பெருமிதமும்: 'தம் லகா கே ஹய்ஷா' திரைப்படத்தில் பருமனான தலைவி

ஆய்வுச்சுருக்கம்

2015ஆம் ஆண்டு வெளியான 'தம் லகா கே ஹய்ஷா' என்னும் இந்தித் திரைப்படம் ஹரித்துவாரில் நிகழும் நகைச்சுவைக் காதல் கதையாகும். பருமனான உடலும் தளராத தன்மதிப்பும் கொண்ட சந்தியா இதன் தலைவி. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சுட்டும் நகை, பெருமிதம், உவகை ஆகியவற்றின் நிலைக்களன்களைக் கருவியாகக் கொண்டு இப்படத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பருமனான பெண்ணின் மீது வழக்கமாக விழும் நகையை இப்படம் தலைவன் மீது திருப்புகிறது. தலைவியின் பெருமிதத்தைக் கல்வியிலும் தறுகண்மையிலும் நிறுவுகிறது. எனினும் இறுதிக்காட்சியில் உவகையை எய்தும் பொருட்டு அப்பெருமிதத்தின் பொருளியல் அடிப்படையைப் பேசாமல் விடுகிறது. இவை இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நகை, எள்ளல், பெருமிதம், உடற்பருமன், சிறுநகரம், இந்தித் திரைப்படம்

முன்னுரை

சரத் கட்டாரியா எழுதி இயக்கிய 'தம் லகா கே ஹய்ஷா' 2015 பிப்ரவரி 27 அன்று வெளியானது. யஷ் ராஜ் நிறுவனம் தயாரித்த இப்படம், 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இந்தித் திரைப்படத்திற்கான விருதைப் பெற்றது. பாடலாசிரியர் வருண் குரோவருக்கும் பின்னணிப் பாடகி மோனாலி தாக்கூருக்கும் இப்படத்தின் பாடல் ஒன்றுக்காகத் தேசிய விருதுகள் கிடைத்தன. தலைவி சந்தியாவாக அறிமுக நடிகை பூமி பெட்னேகரும், தலைவன் பிரேமாக ஆயுஷ்மான் குரானாவும் நடித்துள்ளனர்.

படத்தின் தலைப்பு, பாரம் தூக்கும் உழைப்பாளர்கள் ஒருமித்து எழுப்பும் குரலாகும். தமிழில் இதற்கு நிகராக 'ஐலசா' என்னும் குரலைக் கூறலாம். பலர் கூடி ஒரு சுமையை நகர்த்தும்போது மூச்சையும் வலிமையையும் ஒன்றுசேர்ப்பதற்காக எழுவது இக்குரல். ஒரு பெண்ணின் உடல் எடையை மையமாகக் கொண்ட கதைக்கு இத்தலைப்பு இடப்பட்டிருப்பது முதலில் ஓர் எள்ளலாகவே தோன்றும். படம் முடியும்போது அவ்வெள்ளல் எஞ்சுகிறதா, வேறொன்றாக மாறுகிறதா என்பதே இங்கு ஆராயப்பெறும் வினாவாகும்.

இவ்வினாவை அணுகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பயன்கொள்ளப்படுகிறது. செய்யுளுக்கு வகுக்கப்பட்ட ஓர் இலக்கணத்தைப் பிறமொழித் திரைப்படத்தின் மீது முழுமையாகப் பொருத்துவது நோக்கமன்று. உணர்வு எதனிடமாகப் பிறக்கிறது என்று வினவும் அதன் முறை, நகைச்சுவைப் படங்களை மதிப்பிடுவதற்கு ஏற்றது என்பதனாலேயே அது இங்குக் கையாளப்படுகிறது.

1. பருமனும் நகையும்: திரை மரபு

தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்களாக நான்கினைக் கூறுகிறார். எள்ளலும் பேதைமையும் மடனும் இளமையும் அவை. எள்ளலைப் பேராசிரியர் இருவகையாகப் பகுக்கிறார். பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று; பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுதல் மற்றொன்று. திரைப்படங்களில் பருமனான பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை இவ்விரண்டாவது வகை துல்லியமாகக் காட்டுகிறது. பிறர் அவளை எள்ளுவர்; அவளும் உடன் நகுவாள். அவ்வாறு நகுவதே அவள் திரையில் தோன்றுவதற்கான உரிமமாக இருந்தது.

இந்தித் திரையுலகில் இம்மரபின் முதன்மைச் சான்று துன் துன் என்று அறியப்பட்ட உமாதேவி. அவர் முதலில் பின்னணிப் பாடகியாக அறியப்பட்டவர். நௌஷாத் இசையமைத்த 'தர்த்' (1947) படப்பாடல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. 1950இல் 'பாபுல்' படத்தின் வழி நடிகையானார். அதன்பின் பல பத்தாண்டுகள் நகைச்சுவை வேடங்களே அவருக்குக் கிடைத்தன. பருமனான பெண்களை எள்ளி அழைக்கும் பெயராக 'துன் துன்' என்னும் சொல் வட இந்தியப் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது. நல்ல குரல் வாய்ந்த ஒரு கலைஞரின் பெயர் உடலுக்குரிய வசைச்சொல்லாகச் சுருங்கியமை, மரபின் கொடுமையை உணர்த்தும். தமிழில் 1980களின் படங்களில் பிந்து கோஷ் ஏற்ற வேடங்களும் இம்மரபைச் சார்ந்தவையே. இவ்வேடங்களில் காதல் என்பது இல்லை; இருந்தால் அதுவும் ஒரு நகைப்புக் காட்சியே.

பெண்ணுடலைப் பார்வைப் பொருளாக்கும் திரைப்பட முறையை லாரா மல்வி 1975இல் வெளியான தம் கட்டுரையில் விளக்கினார். விரும்பிப் பார்க்கப்படும் உடலே அவர் ஆராய்ந்த பொருள். பருமனான நகைச்சுவை நடிகையின் உடலும் பார்வைப் பொருளே. ஆயின் அங்கே விழைவின் இடத்தை எள்ளல் பிடித்துக்கொள்கிறது. இவ்விரு பார்வைகளும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் எனலாம். சந்தியா இவ்வளவுகோலையே ஏற்க மறுக்கும் தலைவியாகப் படைக்கப்பட்டுள்ளாள்.

2. பெண் பார்த்தலும் பொருத்தமும்

கதை 1995இல் நிகழ்கிறது. உத்தரகாண்ட் மாநிலம் 2000ஆம் ஆண்டில்தான் உருவானது என்பதால், அன்றைய ஹரித்துவார் உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்தது. 1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பெண்ணுடலின் அளவுகள் நாட்டின் பெருமையாகப் பேசப்பட்ட காலத்தை அடுத்து இக்கதை தொடங்குகிறது. படம் இதனை வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆயினும் பிரேமின் மனத்திலுள்ள மனைவியின் உருவம் எங்கிருந்து வந்தது என்பதை அக்காலச் சூழல் விளக்கும்.

பிரேம் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆங்கிலத் தேர்வு அவனுக்குத் தடையாக நின்றது. தந்தையின் ஒலிநாடாக் கடையை நடத்துகிறான். சந்தியா ஆசிரியப் பயிற்சிப் பட்டமான பி.எட். முடித்தவள். பிரேமின் குடும்பம் பொருள் வசதி குறைந்தது. படித்த பெண் ஆசிரியையானால் வீட்டிற்கு வருவாய் வரும் என்பது அவர்களின் கணக்கு. அவனுடைய விருப்பமின்மையைப் பொருட்படுத்தாமல் திருமணம் முடிவாகிறது. பல இணைகளுக்கு ஒரே இடத்தில் நடத்தப்படும் கூட்டுத் திருமணத்தில் அது நிகழ்கிறது.

தலைவன் தலைவியர்க்குரிய ஒப்பாக மெய்ப்பாட்டியல் பத்துப் பண்புகளைக் கூறுகிறது. அவற்றுள் உருவு ஐந்தாவதாக வைக்கப்பட்டுள்ளது; உணர்வும் திருவும் இறுதியில் அமைந்துள்ளன. இத்திருமணத்தில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருத்தத்தை மட்டும் பார்க்கின்றனர். பெற்றோர் பார்ப்பது திரு; பிரேம் பார்ப்பது உருவு. உணர்வை எவரும் வினவவில்லை. சந்தியாவின் உடலை இத்திருமணத்தின் குறையாக அனைவரும் கருதுகின்றனர். ஆனால் பத்துப் பொருத்தங்களையும் அடுக்கிப் பார்த்தால், குறைபட்ட பக்கம் பிரேமுடையது என்பது புலனாகும். கல்வியிலும் உணர்விலும் அவளுக்கு அவன் நிகரல்லன். அவன் வெட்கம் உண்மையில் தன் தோல்விகளைப் பற்றியது. அதனை அவள் உடலின் மேல் ஏற்றிவிடுகிறான். படத்தின் நகைச்சுவை இப்பிறழ்ச்சியிலிருந்தே பிறக்கிறது.

3. நகையின் இடமாற்றம்

சந்தியா எவ்விடத்தும் தன் உடலைக் குறித்துத் தானே நகைப்பதில்லை. எள்ளப்பட்டபோது உடன் நகும் மரபு வழக்கத்தை அவள் பின்பற்றவில்லை. அதேபோல் தன் உடலை எண்ணிக் கழிவிரக்கம் கொள்வதும் இல்லை. கணவன் விலகி நிற்கும்போது, புதிய இரவு உடை வாங்கி அணிந்து அவனை நெருங்க முயல்பவள் அவளே. விழைவு தன் பக்கமிருந்து வெளிப்படுவதில் அவளுக்குத் தயக்கம் இல்லை. பழைய நகைச்சுவை மரபில் இத்தகைய காட்சி கேலிக்குரியதாகவே அமைந்திருக்கும். இங்கு ஒளிப்பதிவும் காட்சியமைப்பும் அவளை எள்ளவில்லை. படுக்கையின் ஓரத்தில் ஒடுங்கும் பிரேமின் அச்சமே நகைப்பைத் தருகிறது.

நகையின் ஏனைய நிலைக்களன்களான பேதைமையும் மடனும் பிரேமிடம் குடிகொண்டிருக்கின்றன. பேதைமை அறிவின்மை. மடன் என்பதற்கு, பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு விடாமை என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். பிரேம் நாள்தோறும் செல்லும் ஷாகாவில் இளைஞர்களுக்கு உடற்பயிற்சியும் தன்னடக்கமும் போதிக்கப்படுகின்றன. பெண்ணைக் குறித்தும் ஆண்மையைக் குறித்தும் அங்கே பெற்ற பாடங்களை அவன் ஆராயாமல் சுமந்து திரிகிறான். ஆண்மையைப் பற்றி இத்துணைப் பேசும் கூட்டத்தில் பழகியவன், மனைவியின் முகத்தை நேரே நோக்க இயலாதவனாக இருக்கிறான். எள்ளலுக்கு இலக்காக வேண்டிய உடலின் இடத்தில், பேதைமையும் மடனும் நிறைந்த உள்ளத்தை வைத்ததே இயக்குநரின் முதற்சாதனை.

இந்நகைச்சுவை ஓரிடத்தில் முறிகிறது. நண்பனின் திருமண விருந்தில் மது அருந்திய பிரேம், மனைவியோடு படுக்கையைப் பகிர்வதையே தாங்கொணாத் துன்பமாக நண்பர்களிடம் பேசுகிறான். சந்தியா அதனைக் கேட்டுவிடுகிறாள். தலைவன் தலைவியரிடம் இருத்தலாகாதவை என்று மெய்ப்பாட்டியல் விலக்கும் குணங்களுள் புறமொழியும் வன்சொல்லும் இடம்பெறுகின்றன. பிரேம் செய்தது இவ்விரண்டையுமே. உருவு ஒவ்வாமையினும் இவை கொடியவை என்பதைத் தலைவியின் எதிர்வினை உணர்த்துகிறது. அவள் அவனைப் பலர்முன் அறைகிறாள். அவன் திருப்பி அறைகிறான். அவள் பிறந்தகம் செல்கிறாள்; மணவிலக்கு கோருகிறாள்.

இக்காட்சியில் ஒரு குறையும் உண்டு. இரு அறைகளும் ஒன்றையொன்று சமன் செய்துவிட்டதைப்போலக் கதை நகர்கிறது. இழிவுபடுத்தப்பட்டவளின் அறையும், இழிவுபடுத்தியவனின் அறையும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. பின்வரும் காட்சிகளில் பிரேமின் வருத்தம் புலப்பட்டாலும், தன் கையோங்கலுக்கு அவன் தனியே விடை சொல்ல நேர்வதில்லை.

4. பெருமிதத்தின் நிலைக்களன்கள்

தன்னம்பிக்கை கொண்ட பருமனான பெண் என்னும் பாத்திரத்தை அண்மைக்காலப் படங்கள் பலவும் படைக்க முயல்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தன்னம்பிக்கையை ஒரு மனநிலையாகவே காட்டுகின்றன. தன் உடலைத் தான் நேசிக்கக் கற்றுக்கொண்டால் போதும் என்பது அவற்றின் செய்தி. அம்மனநிலை எதன்மீது நிற்கிறது என்னும் வினா அங்கு எழுவதில்லை.

தொல்காப்பியர் இவ்வினாவிற்கு விடை தருகிறார். பெருமிதம் நான்கின்வழிப் பிறக்கும். அவற்றுள் முதலாவது கல்வி, அடுத்தது தறுகண். புகழும் கொடையும் ஏனையவை. சந்தியாவின் பெருமிதம் முதலிரண்டின் மேல் எழுந்தது. பட்டம் பெற்றவள் என்பது கதையின் தொடக்கத்தில் ஒரு தகவலாக மட்டுமே உள்ளது. திருமணச் சந்தையில் உடலின் 'குறையை' ஈடுகட்டும் பொருளாகவே அவள் கல்வியைப் பெற்றோர் கருதுகின்றனர். பிரிவிற்குப் பின்னரே அக்கல்வியின் உண்மையான பயன் வெளிப்படுகிறது. தனித்து வாழ முடியும் என்று அவள் சொல்லும்போது அது வெறும் சினச்சொல்லாக ஒலிப்பதில்லை. ஆசிரியப் பணிக்குச் செல்லும் வழி அவளுக்குத் திறந்திருக்கிறது.

இதனை விளக்க, ஷீபா சட்டா நடித்த அத்தை பாத்திரம் துணைசெய்கிறது. பிரேமின் அத்தையான நயன்தாரா கணவனால் கைவிடப்பட்டவள். உடன்பிறந்தான் வீட்டில் வாழ்பவள். புதிய மருமகளைக் குத்திப் பேசுவோருள் அவளும் ஒருத்தி. அவளுக்குப் பருமன் இல்லை. எனினும் அவ்வீட்டில் அவள் நிலை உறுதியற்றது. சந்தியா பருமனானவள், எனினும் வாயிற்படியைத் தாண்டிச் செல்ல அவளால் முடிகிறது. இவ்விருவரையும் ஒரே கூரையின்கீழ் வைத்ததன் மூலம், பெண்ணின் மதிப்பை உறுதிசெய்வது உடலின் அளவன்று, தன் காலில் நிற்கும் வாய்ப்பே என்பதைப் படம் உரையாடல் இன்றியே நிறுவுகிறது. தனக்கு இல்லாத வாய்ப்பு வேறொருத்திக்கு இருப்பதைக் காணும் பெண்ணின் கசப்பும் அத்தையின் கடுஞ்சொற்களுக்குப் பின்னால் இருப்பதாகக் கருதலாம்.

சிறுநகரப் பின்னணி இவ்விடத்தில் பொருள் பெறுகிறது. பெருநகரில் நிகழும் கதையில் மணமுறிவு கோரும் பெண் அறிமுகமற்றோர் நடுவில் மறைந்துகொள்ள இயலும். இங்கோ பிறந்தகமும் புகுந்தகமும் ஒன்றையொன்று அறியும். உறவினர் அனைவரும் கருத்துரைப்பர். பெற்ற தாயே அவள் திரும்பிச் செல்ல வேண்டுமென்று விழைகிறாள். அத்தகைய நெருக்கத்தில் தன் முடிவிலிருந்து பின்வாங்காமையே தறுகண்மை.

5. ஒலிநாடாவும் ஊமைப் பேச்சும்

மணவிலக்கு வழங்குமுன் ஆறு மாதங்கள் சேர்ந்து வாழுமாறு நீதிமன்றம் ஆணையிடுகிறது. ஒருவரோடொருவர் பேச விரும்பாத இருவர் ஓரறையில் வாழ வேண்டிய இச்சூழலில் பாடல்கள் பேச்சின் இடத்தைப் பெறுகின்றன. ஒருவர் ஒலிக்கவிடும் பாடலுக்கு மற்றவர் வேறொரு பாடலால் விடை தருகிறார். ஊடலின் சொற்கள் இங்கே கடன்வாங்கிய சொற்களாக இருப்பது, உணர்வை வெளிப்படுத்தும் மொழியை இவர்கள் திரைப்பாடல்களிடமிருந்தே கற்றவர்கள் என்பதைக் காட்டுகிறது.

வட இந்திய வெகுமக்கள் இசையில் ஒலிநாடா ஏற்படுத்திய மாற்றத்தைப் பீட்டர் மேனுவல் 1993இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மலிவான ஒலிநாடா இசையைச் சிறுநகரங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுசென்றது. பிரேமின் கடை அப்பண்பாட்டின் சிறு அலகு. அவன் போற்றும் பாடகர் குமார் சானு. 'ஆஷிகி' (1990) படத்தின் வழி பெரும்புகழ் பெற்று, சிறந்த பின்னணிப் பாடகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதை 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றவர் அவர். பிரேமின் காதல் கனவுகள் அப்பாடல்களால் ஆனவை; அக்கனவுகளில் சந்தியாவைப் போன்ற பெண்ணுக்கு இடமில்லை.

குறுவட்டின் வருகை இந்நிலையைக் குலைக்கிறது. போட்டிக் கடை தோன்றுகிறது. ஒலிநாடா வணிகம் தளர்கிறது. காலத்தால் பின்தள்ளப்படும் தொழிலைச் செய்பவன் பிரேம். காலத்தோடு முன்செல்லும் தகுதியைப் பெற்றவள் சந்தியா. காதலின் கதையோடு இணைந்து ஓடும் இத்தொழில்நுட்பக் கதை, ஆணின் தன்மதிப்பு எத்துணை நொய்ம்மையானது என்பதை நுட்பமாகக் கூறுகிறது. இசையமைப்பாளர் அனு மாலிக் 1990களில் கோலோச்சியவர் என்பதும், நிறைவுப் பாடலைக் குமார் சானுவும் சாதனா சர்கமும் பாடியிருப்பதும் இப்பின்னணியில் நோக்கத்தக்கவை.

6. பார்க்கப்படும் உடலும் சுமக்கப்படும் உடலும்

மனைவியைச் சுமந்துகொண்டு கணவன் தடைகளைத் தாண்டி ஓடும் போட்டியே படத்தின் உச்சம். மனைவியைச் சுமந்தோடும் போட்டிகள் உலகில் உண்மையாகவே நடைபெறுகின்றன. பின்லாந்தின் சோன்காயார்வி என்னும் ஊரில் 1992 முதல் இதன் உலகப் போட்டி நடைபெற்று வருகிறது. வென்றவருக்கு மனைவியின் எடைக்கு நிகரான பீர் பரிசாகக் கிடைக்கும். அங்கே எடை ஒரே வேளையில் தடையாகவும் பரிசின் அளவாகவும் அமைகிறது. ஹரித்துவார்ப் போட்டியில் எடைக்கு இத்தகைய ஈடு இல்லை. சந்தியாவின் எடை பிரேமுக்குத் தடை மட்டுமே. ஊரார் அனைவரும் இதுவரை மறைவாகப் பேசிய ஒன்று இப்போது திறந்தவெளியில் அனைவர் கண்முன்னும் வைக்கப்படுகிறது.

இக்காட்சியின் சிறப்பு புலன்மாற்றத்தில் உள்ளது. பெண் பார்த்தல் முதல் விருந்துவரை சந்தியாவின் உடல் கண்ணால் அளக்கப்பட்டது. ஓட்டத்தில் அது முதுகாலும் தோளாலும் மூச்சாலும் உணரப்படுகிறது. எடை என்பது இங்கே தோற்றம் அன்று. ஒருவர் மற்றொருவரை ஏற்பதன் உடல்வழிப் பொருள். பிரேமின் முகத்திற்கு மிக அருகில் சந்தியாவின் முகம் இருக்கிறது. அவள் அவனுக்கு ஊக்கம் தருகிறாள். பெண்ணுடலைத் தொலைவில் வைத்துப் பார்ப்பதற்கான இடைவெளியே இக்காட்சியில் இல்லை. வெற்றிக்கோட்டைக் கடந்தபின்னும் அவளை இறக்கிவிடாமல் பிரேம் தொடர்ந்து சுமந்து செல்கிறான். போட்டிக்காகத் தொடங்கிய சுமத்தல் போட்டியைக் கடந்து விருப்பமாக மாறுகிறது.

மெய்ப்பாட்டியலில் உவகையின் நிலைக்களன்களுள் விளையாட்டும் புணர்வும் உள்ளன. இவ்விரண்டும் ஒரே காட்சியில் இணைவதால் முடிவு நிறைவைத் தருகிறது. எள்ளலாகத் தோன்றிய தலைப்பு இங்கே ஊக்குவிக்கும் குரலாக மாறுகிறது.

ஆயினும் ஐலசாவின் இயல்பை மீண்டும் நினைவுகூர வேண்டும். பலர் கூடி ஒரு சுமையைத் தூக்கும்போது எழும் குரல் அது. சந்தியாவின் மேல் இழிவைச் சுமத்தியவர்கள் பலர்: திருமணத்தைப் பொருட்கணக்காக்கிய பெற்றோர், குத்திப் பேசிய உறவினர், விருந்தில் கேட்டுக்கொண்டிருந்த நண்பர்கள், ஆண்மையைக் கற்பித்த கூட்டம். கழுவாய் தேடும் பொறுப்போ ஒருவனின் முதுகில் மட்டும் ஏறுகிறது. ஊரார் கரைகளில் நின்று கைதட்டும் பார்வையாளர்களாகவே இருந்துவிடுகின்றனர். ஒரு சமூகத்தின் மனப்போக்காகத் தொடங்கிய சிக்கல் ஓர் இணையின் சிக்கலாகச் சுருங்கி, ஓர் ஆணின் உடல்வலிமையால் தீர்க்கப்படுகிறது.

இதனினும் முதன்மையான குறை ஒன்று உண்டு. தலைவியின் பெருமிதத்திற்குக் களனாகிய கல்வியும், அதன்வழிக் கிடைக்கவிருந்த வெளியூர்ப் பணியும் ஓட்டத்திற்குப் பின் பேசப்படவில்லை. பிரேம் அவளைச் சுமந்து செல்லும் திசை வீடு. காட்சி உடனே நிறைவுப் பாடலுக்கு மாறிவிடுகிறது. அவள் பணிக்குச் சென்றாளா, அவனும் உடன் சென்றானா என்னும் வினாக்கள் உவகையின் ஆரவாரத்தில் அமிழ்ந்துவிடுகின்றன. தன் காலில் நடந்து சென்ற பெண், முடிவில் சுமக்கப்படும் பெண்ணாகிறாள். நகைச்சுவைக் காதல் கதைக்கு இணைவில் முடிய வேண்டிய கட்டாயம் உண்டு என்பது உண்மையே. ஆயினும் அவ்விணைவு பணியையும் உள்ளடக்கியதாக ஒரு காட்சி அமைந்திருந்தால், உவகை பெருமிதத்தை விழுங்காமல் அதன்மேல் நின்றிருக்கும்.

7. கடனாகப் பெற்ற உடல்

படத்திற்கு வெளியிலும் ஒரு சிக்கல் உள்ளது. பூமி பெட்னேகர் இவ்வேடத்திற்காகத் தம் எடையைக் கூட்டினார். படத்திற்குப் பின் குறைத்துக்கொண்டார். அவ்வெடைக்குறைப்பு ஊடகங்களில் விரிவாகப் பேசப்பட்டது. அது நடிகையின் தனியுரிமை. அதில் குறைகாண இடமில்லை. எனினும் பருமனான தலைவி என்பவள் மெலிந்த நடிகை சிலகாலம் அணிந்து களையும் வேடமாகவே திரையுலகில் இருக்கிறாள் என்பது கருதத்தக்கது.

அதே ஆண்டு நவம்பர் 27 அன்று தமிழில் 'இஞ்சி இடுப்பழகி' என்றும் தெலுங்கில் 'சைஸ் ஸீரோ' என்றும் வெளியான படத்தை இதனோடு ஒப்பிடலாம். பிரகாஷ் கோவெலமுடி இயக்கிய அப்படத்திற்காக அனுஷ்கா ஷெட்டி எடை கூட்டி நடித்தார். அதன் தலைவியும் தன்னம்பிக்கை உடையவளே. ஆயினும் உடலெடைக் குறைப்பு நிலையம் ஒன்றின் மோசடியை எதிர்ப்பதே அங்குக் கதையின் மையம். எனவே படம் முழுவதும் எடையே பேசுபொருளாகிறது. எடையைக் குறைக்கும் வழி நேர்மையானதா என்று அப்படம் வினவுகிறது. எடையைக் குறைக்க வேண்டும் என்னும் எண்ணமே 'தம் லகா கே ஹய்ஷா'வில் இல்லை. சந்தியா எவ்விடத்தும் உணவைக் குறைப்பதாகவோ உடற்பயிற்சி செய்வதாகவோ கதை அமையவில்லை. முதற்காட்சியில் இருந்த அதே உடலோடுதான் அவள் இறுதிக்காட்சியிலும் இருக்கிறாள். மாற வேண்டியவன் தலைவன் என்பதில் படம் உறுதியாக நிற்கிறது. இவ்வேறுபாடே அதன் தனிச்சிறப்பு.

இரு படங்களுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. பருமனான உடலோடு வாழும் நடிகையரைத் தலைவியாக ஏற்கும் துணிவு இரண்டிலும் இல்லை. துன் துன்னுக்கு மறுக்கப்பட்ட காதல் கதை, அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவரைப் போன்ற உடலுக்குக் கிடைத்தது. அவரைப் போன்ற நடிகைக்குக் கிடைக்கவில்லை.

முடிவுரை

'தம் லகா கே ஹய்ஷா' பருமனான பெண்ணை நகையின் பொருள் என்னும் நிலையிலிருந்து விடுவித்து, நகைக்குரிய பேதைமையையும் மடனையும் தலைவனிடம் காட்டுகிறது. தலைவியின் தன்னம்பிக்கையை மனநிலையாக மட்டும் விடாமல், கல்வி, தறுகண் ஆகிய உறுதியான களன்களின் மேல் நிறுவுகிறது. அவள் உடலை மாற்றாமலேயே கதையை இணைவிற்குக் கொண்டுசெல்கிறது. இம்மூன்றும் இந்திய நகைச்சுவைக் காதல் படங்களில் அரியவை. அதேவேளையில் பலருக்குரிய கழுவாயை ஒருவனின் வீரச்செயலாகச் சுருக்கியதும், தலைவியின் பணிவாழ்வை உவகையின் பொருட்டுப் பேசாமல் விட்டதும் அதன் எல்லைகளாகின்றன.

தலைவியின் உடல் ஏற்கப்பட்டதா என்னும் ஒரு வினாவோடு இத்தகைய படங்களின் மதிப்பீடு நின்றுவிடுதல் போதாது. அவள் பெருமிதம் எதன்மேல் நின்றது, கதை முடியும்போது அந்நிலைக்களன் அவளிடம் எஞ்சியதா என்னும் வினாக்களும் உடன் எழுப்பப்பட வேண்டும். சந்தியாவைப் பொறுத்தவரை முதல் வினாவிற்குப் படம் தெளிவான விடை தருகிறது. இரண்டாவதற்கு விடை தருமுன் பாடல் தொடங்கிவிடுகிறது.